பதினஞ்சு செகண்டு

சிவப்பு மனுசன் கம்பத்து உச்சியில ரெண்டு கையையும் தொங்கப்போட்டுக்கிட்டு நின்னான், மங்கை ஜெராக்ஸ் கடை போர்டுக்குப் பின்னாடி நின்னா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பு நெழல்ல ஆக்னஸ் நின்னா. மூணு பேருல அந்தச் சிவப்பு மனுசன் ஒருத்தன்தான் யோக்கியன்னு மங்கைக்குத் தோணுச்சு, அவன் யாரையும் ஏமாத்தல, யாரையும் வேவு பாக்கல, நில்லுன்னா நிக்கிறான். மணி எட்டே முக்கா. பத்து மணிக்குள்ள சாருக்கு ஆதாரத்த அனுப்பியாகணும். அனுப்பிட்டா வெள்ளிக்கிழம சென்னைக் கருத்தரங்குல மைக்குக்கு முன்னாடி நிக்கப்போறது மங்கையற்கரசி, அனுப்பலைன்னா ஆக்னஸ் மெர்லின். ஒரு பேருக்குத்தான் எடம்னு பொன்னுரங்கம் சார் நேத்தே சொல்லிட்டாரு. சிவில் இன்ஜினியரிங் கடைசி வருசம், ரெண்டு பேரும் ஒரே ப்ராஜெக்ட்டு, ஒரே ரோடு, ஆஸ்பத்திரி வாசல்ல புதுசா மாட்டுன இதே சிக்னலு. கம்பத்துல இருக்குற பட்டன அமுக்குனா வண்டிக்குச் சிவப்பு விழும், நடக்குறவங்களுக்குப் பச்சை மனுசன் வருவான், பதினஞ்சு செகண்டு நடப்பான், போயிருவான். இத டிரைவருங்க புரிஞ்சுக்கிறாங்களா இல்லையா, அதான் கேள்வி. அமுக்கணும், பச்சை வந்ததும் ரெண்டு அடி எறங்கணும், மொத வண்டி நிக்குதா பாக்கணும், தாள்ல எழுதணும், இப்பிடி ஆளுக்கு நூறு தடவ. மங்கைக்கு நூத்துல இருபத்து மூணு வண்டி நின்னுச்சு. ஆக்னஸுக்கு அறுபது. அறுபது! இன்னும் முடிக்கக்கூட இல்ல, ஒரு சில தடவ பாக்கியிருக்கு, அதுக்குள்ளயே அறுபதக் காட்டிட்டா. அது என்ன, அவ எறங்குனா மட்டும் பிரேக்கு புடிக்குமா, அவ என்ன தேரா. "ரெண்டுல ஒண்ணு தப்பும்மா"ன்னு சார் சொன்னாரு, சொல்லும்போது தப்ப எந்தப் பக்கம் வச்சுப் பாத்தாருன்னு மங்கைக்குத் தெரியும், கண்ணாடிக்கு மேல தூக்கிப் பாத்தாரே, அந்தப் பார்வ இவ மேலதான் விழுந்துச்சு. அப்பதான் இவ எந்திரிச்சு "பொய்க்கணக்கு சார், அவ ஒக்காந்த எடத்துல எழுதியிருக்கா"ன்னு கத்துனது. லேபே திரும்பிப் பாத்துச்சு. ஆக்னஸ் எதையோ சொல்ல வாயத் தொறந்தா. மூக்கு நுனி மட்டும் செவந்துச்சு, அந்தச் செவப்பும் அவளுக்கு அழகா இருந்துச்சு, அதத்தான் மங்கையால தாங்க முடியல.

அழகா இருந்துட்டுப் போகட்டும், அது அவங்க அம்மா குடுத்தது, அதுல சண்டைக்கு எடமில்ல. ஆனா ஒரு மனுசிக்கு எல்லாமே வழிவிட்டா எப்பிடி? கேன்டீன்ல இவ போனா "சாம்பார் தீந்துருச்சும்மா", ஆக்னஸ் போனா உள்ள எங்கிருந்தோ ஒரு கரண்டி வரும். லைப்ரரியில இவளுக்கு அபராதம், அவளுக்கு "நாளைக்குக் குடும்மா, பரவால்ல". மூணு வருசமா பக்கத்து பெஞ்சு, மூணு வருசமா இவ நோட்டப் பாத்து அவ எழுதுனா, மார்க்கு மட்டும் அவளுக்கு ரெண்டு கூட, ஏன்டான்னா கையெழுத்து. எழுத்தா அது, ஒவ்வொண்ணும் குளிச்சுத் தலசீவி வந்து நிக்கும். கணக்குத் தாள்லகூட ஓரத்துல பூப்போட்டு வச்சிருந்தா அந்தப் புண்ணியவதி, குட்டிக் குட்டியா அஞ்சு இதழ் பூவு, ஒரு வரி விட்டு ஒரு வரிக்கு. நேத்து அந்தத் தாளோட ஜெராக்ஸ் கையில வந்தப்ப மங்கை கீழ இருந்த மொத்தத்த மட்டும் பாத்தா, அறுபதுன்னு இருந்துச்சு, பூவப் பாத்தா, பத்திக்கிட்டு வந்துச்சு, மடிச்சுப் பையில திணிச்சா. ரோட்டுல வண்டி எண்ணச் சொன்னா கோலம் போடுறா. இன்னைக்குக் காலைல மங்கை பொய்யா "காய்ச்சலா இருக்கு, வரலடி"ன்னு மெசேஜ் போட்டா, அர நிமிசத்துல பதில் வந்துச்சு, "கஷாயம் குடி, சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்". நேத்து லேப்ல அத்தன பேரு முன்னாடி பொய்க்காரின்னு சொன்னவளுக்குக் கஷாயம். கோவப்பட்டாத்தான் என்ன? திருப்பி ரெண்டு வார்த்த கேட்டாத்தான் என்ன? கேக்க மாட்டா, கேட்டுட்டா கணக்கு நேராயிரும்ல, நல்லவ பட்டம் கீழ விழுந்துரும்ல.

"என்னம்மா, அர மணி நேரமா போர்டக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கிற, யாரையாச்சும் வேவு பாக்குறியா?"ன்னு உள்ளேருந்து சுல்தானா அக்கா கேட்டாங்க, கடைக்காரங்க, மெசின்ல தாளத் தட்டி வச்சுக்கிட்டே. "பையனா?" "பொண்ணுக்கா." "அய்யய்ய. பையன்னா ஒரு வாரத்துல வெறுத்துரும், பொண்ணுன்னா வருசக்கணக்குல இழுக்குமே." அக்கா சிரிச்சாங்க, மங்கை சிரிக்கல. இந்த அக்காவும் சிக்னலப் பத்திக் கருத்துச் சொன்னவங்கதான், மங்கையோட கேள்வித் தாள்ல பதினாலாவது ஆளு, ஸ்கூட்டில போறவங்க. "சிவப்பு மனுசன் நின்னா நாங்க போலாம், பச்ச மனுசன் நடந்தா நாங்களும் போலாம், எப்பப் போகக் கூடாதுன்னு எவனும் சொல்லலையே கண்ணு." அக்காவாச்சும் தேவல. ஆஸ்பத்திரிச் சந்துலேருந்து வர்ற ஷேர் ஆட்டோக்காரரு, பேரு கூட ஜெகந்நாதன், அவரு இன்னும் தெளிவு: "பச்ச எரியுதுல்ல? பச்சன்னா போ. அதுல மனுசன் இருந்தா என்ன மாடு இருந்தா என்ன, கலரத்தான பாக்கணும்?" சந்துலேருந்து பாத்தா நடக்குறவங்களுக்கான வெளக்குதான் நேராத் தெரியுது, மாட்டுனவன் அப்பிடித் திருப்பி மாட்டிட்டான், அதனால ஆளுங்க நடக்க ஆரம்பிக்கிற அதே நொடியில சந்துல இருக்குற ஆட்டோவெல்லாம் பூஜைக்கு மணி அடிச்ச மாதிரி கெளம்பும். தண்ணி கேன் வண்டிக்காரன் சொன்னான், "அது நடக்குறவன் இல்லக்கா, நல்லாப் பாரு, ஓடுறான், சீக்கிரம் ஓட்டுன்னு நமக்குத்தான் சொல்றாங்க." கீழ எண்ணிக்கை எறங்குது பாருங்க, பதினஞ்சு, பதினாலு, அது நடக்குறவங்களுக்கு மிச்ச நேரம்னு ஒருத்தனுக்கும் தெரியல, ராக்கெட்டு விடுறாங்கன்னு நெனச்சுக்கிட்டு அஞ்சுலயே கிளட்ச விடுறான். இத்தனையும் எழுதுனது யாரு? மங்கை. நாப்பத்தொரு பேரு கிட்ட நின்னு, திட்டு வாங்கி, ஒருத்தன் கிட்ட "ஒனக்கு லைசென்ஸ் குடுத்தவனக் காட்டு"ன்னு சண்ட போட்டு எழுதுனது. ஆக்னஸ் என்ன செஞ்சா, பூப்போட்டா. சென்னைக்கு யாரு போகணும் சொல்லுங்க. இருபத்து மூணு. இருபத்து மூணுதான் நெசம். நெசம்னா அது கொஞ்சமாத்தான் இருக்கும், கசப்பாத்தான் இருக்கும், இவ வாய் மாதிரி.

கசப்புன்னதும் அப்பா மொகம் வந்து நின்னுச்சு, வேணாம்னாலும் வரும். அப்பா டவுன் பஸ் ஓட்டுறவரு, இருபத்தெட்டு வருசம், இந்த ரூட்டு இல்ல, ஆத்துக்கு அந்தப் பக்கம், ஆனாலும் ஒவ்வொரு பஸ்ஸு வரும்போதும் மங்கை நம்பரப் பாத்துக்கிட்டுதான் இருந்தா. போன ஞாயித்துக்கெழம ஆக்னஸ் வீட்டுக்கு வந்தா, அம்மா கெழுத்தி கொழம்பு வச்சிருந்தாங்க, மீன் தல எப்பவும் மங்கைக்கு, அது அவ பொறந்ததுலேருந்து சட்டம். அன்னைக்கு அப்பா கரண்டில தலைய எடுத்தாரு, காத்துல ஒரு நொடி அது நின்னுச்சு, அப்புறம் ஆக்னஸ் தட்டுல போய் எறங்குச்சு. "விருந்தாளிப் புள்ள"ன்னாரு. ஒரு மீன் தலைக்கா ஒரு பொண்ணு அழுவா, அழல, கழுத்து வரைக்கும் காந்துச்சு, அவ்ளோதான். சாப்புட்டுக்கிட்டே அப்பா சிக்னலப் பத்தி ஆரம்பிச்சாரு. "பாப்பா, நான் ஒண்ணு சொல்லட்டா, வண்டி ஓட்டுறவன் லைட்டப் பாக்க மாட்டான், என்ன பாப்பான்னா..." அப்பிடின்னு இழுத்தாரு, இவ வெடுக்குன்னு, "உங்கள யாருப்பா கேட்டா? லைட்டப் பாக்காம ஓட்டுறத பெருமையாச் சொல்றீங்களே, நீங்களே என் சர்வேல குத்தவாளி"ன்னு சொல்லிட்டு தட்டோட மொட்டமாடிக்குப் போயிட்டா. படியேறும்போது பின்னாடி பேச்சுக் கேட்டுச்சு, அப்பா கொரலு, நடுவுல ஆக்னஸ் "அப்பிடியாப்பா? அப்பிடியாப்பா?"ன்னு. அப்பாவாம். அப்பான்னு கூப்புட அவளுக்கு வேற ஆளே கெடைக்கலையா, அவங்க வீட்டுல ஒருத்தரு இருக்காரு, நல்லாத்தான இருக்காரு. மாடியில நின்னு மங்கை மீன் நடுத்துண்ட முள்ளு எடுக்காம முழுங்குனா, ஒரு முள்ளு நின்னுச்சு, ராத்திரி பூரா நின்னுச்சு, இன்னமும் அங்கதான் நிக்கிற மாதிரி இருக்கு, எச்சி முழுங்குனா குத்துது.

ஆக்னஸ் பட்டன அமுக்குனா. மங்கை போனத் தூக்குனா, போர்டு ஓரத்துல வச்சு வீடியோவத் தட்டுனா. டொக் டொக்குன்னு சத்தம் வந்துச்சு, பச்சை மனுசன் வந்தான், ஆக்னஸ் ரெண்டு அடி எறங்குனா, எறங்கும்போது வலது கை தூக்குச்சு. அவசரமே இல்லாம, உள்ளங்கை வண்டியப் பாக்க, வெரல் அஞ்சும் விரிஞ்சு, ஏதோ வாசல்ல வந்தவங்கள இருங்கன்னு சொல்ற மாதிரி. மொதல்ல ஒரு கார் நின்னுச்சு. பின்னாடி ரெண்டு பைக்கு நின்னுச்சு. ஒரு லாரி, லாரிங்க, லாரி மூக்க எறக்கி நின்னுச்சு. மங்கைக்குக் காது ரெண்டும் குப்புன்னு சூடாச்சு. கையா! கை காட்டி நிப்பாட்டிட்டு, லைட்டுக்கு நின்னுச்சுன்னு எழுதுறியா? சார் என்ன சொன்னாரு, சும்மா எறங்கணும், வேற எதுவும் செய்யக் கூடாது. மங்கை நூறு தடவ எறங்குனா, நூறு தடவயும் அட்டையும் பேனாவும் ரெண்டு கையில, ஒரு தடவகூடக் கைய நீட்டல, ஏன் நீட்டணும், சட்டம் எரியுது மேல, நான் ஏன் பிச்ச கேக்குற மாதிரி கைய ஏந்தணும். மாட்டிக்கிட்டா. மூணு வருசத்துக்கு அப்புறம் மாட்டிக்கிட்டா. ஆக்னஸ் திரும்பிப் பிளாட்பாரத்துல ஏறி, தாள்ல குனிஞ்சு எழுதுனா, திரும்ப அமுக்குனா, பச்சை வந்துச்சு, இந்தத் தடவ கை தூக்கல, அட்டைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எறங்குனா, ஒரு வேன் அவ துப்பட்டாவ ஒரசிக்கிட்டுப் போச்சு. மங்கை போன எறக்கிட்டா. கை வலிச்சிருக்கும், மறந்திருப்பா, அதெல்லாம் எதுக்கு எடுக்கணும். மூணாவது தடவ மறுபடி கை, மறுபடி வீடியோ. நாலாவது தடவ கை இல்ல, அஞ்சாவது தடவ கை, மங்கை சாருக்கு அனுப்புறதுக்கு வீடியோவ வெட்டிக்கிட்டிருந்தா, பாத்தும் பாக்கல. பத்தொம்பது செகண்டு வந்துச்சு. சார் பேரு மேல வெரல வச்சா. அனுப்புன்னு ஒரு அம்புக்குறி. அமுக்குனா முடிஞ்சுது.

அமுக்கல. ஏன்னா அனுப்பிட்டா ஆக்னஸ் மொகத்தப் பாக்க முடியாதுல்ல. சார் ரூமுல யாரோ சொல்லி, அவ எங்கேயோ தெரிஞ்சுக்கிட்டு, எங்கேயோ அழுது, மொகம் கழுவிட்டுத் திரும்பச் சிரிச்சுக்கிட்டு வருவா. அது பத்தாது. இந்த ரோட்டுல, இந்தப் போன அவ கண்ணுக்கு நேராப் புடிச்சு, "இது என்னடி"ன்னு கேக்கணும், அந்த மொகம் ஒரு தடவயாச்சும் அசிங்கமாகணும். "வர்றேன்க்கா"ன்னா. "சண்டைக்குப் போறியா சமாதானத்துக்கா?"ன்னு அக்கா கேட்டாங்க. "ரெண்டும் ஒண்ணுதான்க்கா"ன்னுட்டு எறங்குனா, இந்தப் பக்கத்துக் கம்பத்துல பட்டன அமுக்குனா, நின்னா. வண்டி நின்னுச்சோ இல்லையோ, சத்தம் வந்துச்சு, பச்சை மனுசன் காலத் தூக்குனான், மங்கை கண்ண அவன் மேலயே வச்சுக்கிட்டு நடந்தா, வாயில கேக்க வேண்டிய கேள்விய உருட்டிக்கிட்டு, ஒரு எட்டு, ரெண்டு எட்டு, நாலு எட்டு, நடு ரோட்டுக்கு வந்தப்ப எடது காதுக்குள்ள ஒரு ஆட்டோ வளந்துச்சு. சந்துலேருந்து. பச்சையப் பாத்துட்டு, பச்சன்னா போ. மஞ்ச மூக்கு, கண்ணாடில ஒட்டுன எலுமிச்சம்பழம், பக்கத்துல ஜெகந்நாதனோட வெத்தலக்காவி வாய். காலு ரெண்டும் தாரோட ஒட்டிக்கிச்சு. அப்ப எது தூக்குச்சுன்னு அவளுக்குத் தெரியாது, அவ தூக்கல, அதுவாத் தூக்குச்சு, எடது கை, வெரல் விரிஞ்சு. பிரேக்கு கீச்சுன்னுச்சு. ஆட்டோ ஒரு மொழம் தள்ளி நின்னு சிணுங்குச்சு. "பாத்து வாம்மா, பச்ச எங்களுக்கு!"ன்னு ஜெகந்நாதன் கத்துனாரு, கத்திக்கிட்டே தலைய ஆட்டி, போன்னு வழிவிட்டாரு. மேல எரியுற சிவப்பையும் பச்சையையும் பாக்கத் தெரியாத மனுசன், கைக்கு நின்னாரு. அப்பதான் அது வந்துச்சு, எங்கேருந்தோ, ஆறு வயசுலேருந்து: லீவு நாள்ல அப்பா பஸ்ஸுல, அவருக்குப் பக்கத்துல இன்ஜின் பெட்டி மேல சாக்க மடிச்சுப் போட்டு ஒக்காந்திருப்பா, தொடைக்கு அடியில சூடு ஏறும், டீசல் வாசம், முன்னாடி பெரிய கண்ணாடி. கூட்டத்துலேருந்து ஒரு கை வெளிய வரும். கை மட்டும்தான் வரும், ஆளு அப்புறம்தான் தெரியும். கை வந்ததுமே அப்பா காலு பிரேக்குல எறங்கும், பேச்ச நிறுத்தாமயே, அவளுக்குக் கத சொல்லிக்கிட்டேகூட எறங்கும். எத்தன கை பாத்திருக்கா. வளையல் போட்ட கை, குடை புடிச்ச கை, கொழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு இன்னொரு கை. அவளுக்கு இது தெரியும். தெரியும்னு தெரியாம இருந்துருக்கு. "என்ன பாப்பான்னா..."ன்னு அப்பா இழுத்த வாக்கியத்தோட மிச்சம் இதுதான், அத மாடிப்படியில விட்டுட்டுப் போனது இவதான்.

"ஏய், காய்ச்சல்னு சொன்ன?"ன்னு ஆக்னஸ் ஓடியாந்து நெத்தியில பொறங்கைய வச்சா. மங்கை தட்டிவிட்டா. கேள்விய எடுத்தா, அது வாயில கல்லு மாதிரி உருண்டு வேற மாதிரி வெளிய வந்துச்சு. "கை காட்டுற நீ. கை காட்டி நிப்பாட்டிட்டு அறுபதுன்னு எழுதுற. வீடியோ இருக்கு." ஆக்னஸ் மொகம் அசிங்கமாகும்னு பாத்தா, ஆகல, புருவம்தான் ஏறுச்சு. "ஆமா, கை காட்டுறேன். அதான எழுதியிருக்கேன்?" "எங்க எழுதியிருக்க?" "தாள்ல, ஓரத்துல. நீ பாக்கவேயில்லயாடி?" மங்கை பையிலேருந்து கசங்குன ஜெராக்ஸ எடுத்தா, பிரிச்சா. பூவு. அஞ்சு இதழ் பூவு, ஒரு வரி விட்டு ஒரு வரி. ஆக்னஸ் வெரல வச்சுக் காட்டுனா, "இது கை. பூவா தெரியுது ஒனக்கு? நான் அவ்ளோ மோசமாவா வரையுறேன்? ஒரு தடவ கையோட, ஒரு தடவ கையில்லாம. இன்னைக்கும் சேத்துக் கையோட அம்பதுல நாப்பத்தொம்பது நின்னுச்சு. கையில்லாம இதுவர நாப்பத்தொம்பது தடவ, பதிமூணுதான். நூத்துக்குக் கணக்குப் போட்டா அது ஒன் இருபத்து மூணுதான்டி. கிட்டத்தட்ட அதேதான். நீ எழுதுனது சரின்னு சொல்லத்தான் நேத்து வாயத் தொறந்தேன், அதுக்குள்ள நீ பொய்க்கணக்குன்னுட்ட." "வந்து சொல்ல வேண்டியதுதான?" "நாலு தடவ போன் பண்ணுனேன். எடுத்தியா?" எடுக்கல. நாலு தடவயும் மேசையில அதிர்றதப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா, அதிர அதிர ஒரு சொகம். "இத யாரு ஒனக்குச் சொன்னது, இந்தக் கையப் பத்தி?"ன்னு கேட்டா, கேக்கும்போதே தெரியும், கேக்காம இருந்திருக்கலாம். "அப்பாதான். நீ மாடிக்குப் போனப்ப. வண்டிக்காரன் லைட்டப் பாக்க மாட்டான் பாப்பா, கையப் பாப்பான், கை இருந்தா ஆளு தீர்மானம் பண்ணிட்டான்னு அர்த்தம், கை இல்லைன்னா இன்னும் யோசிக்கிறான்னு அர்த்தம்னாங்க. நான் சொன்னா மங்கைக்கு எரியும், நீ எழுதிக்கன்னாங்க." பாப்பா. அது இவ பேரு. வீட்டுல இவளுக்கு மட்டும் இருக்குற பேரு. மீன் தல போனாப் போகுது, அது ஒரு மீனோட போச்சு, இது எப்பிடி? அப்பா இருபத்தெட்டு வருசம் ஓட்டிக் கண்டுபுடிச்சத எடுத்து விருந்தாளி தட்டுல வச்சுட்டாரு, இவ கைய நீட்டாததுனால. யாரு மேல கோவப்படுறது? ஆளத் தேடித் தேடிப் பாத்தா, ரோட்டுல அத்தன பேரு போறாங்க, ஒருத்தனும் பொருந்தல. நாப்பத்தொரு பேரு கிட்ட கேள்வி கேட்டவ, வீட்டுல சோறு தின்ன டிரைவரு கிட்டக் கேக்கல.

"ஒண்ணு பாக்கி"ன்னா ஆக்னஸ், தாளையும் பேனாவையும் மங்கை கையில திணிச்சா. "கையில்லாம அம்பதாவது. நீ எழுது. அப்புறம் சார் கிட்ட நீயே போய்ச் சொல்லு, சென்னைக்கும் நீயே போ, எனக்கு எதுத்துக் கேள்வி கேட்டா அழுக வந்துரும், ஒனக்குன்னா திருவிழா." விட்டுக்குடுக்குறா! இதையும் விட்டுக்குடுக்குறா, இருக்குறவளுக்குத்தான் விட்டுக்குடுக்க முடியும், வாங்குறவ கை எப்பவும் கீழ. மங்கை பேனா மூடியக் கழட்டுனா. ஆக்னஸ் அமுக்குனா. நின்னா. சத்தம் வந்துச்சு, பச்சை வந்துச்சு, பதினஞ்சு, காலி அட்டைய நெஞ்சோட ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டு எறங்குனா, பதினாலு, ரோடு காலியாக் கெடந்துச்சு, பதிமூணு, கடைசித் தடவன்னு ரெண்டு அடியோட நிக்காம அவ நடு ரோட்டுக்கு வந்தா, பன்னெண்டு, வளைவுலேருந்து ஒரு டவுன் பஸ் வந்துச்சு, நம்பரப் பாத்தா, அப்பா வண்டி இல்ல, பதினொண்ணு, வேகம் கொறையல. வண்டிக்குச் சிவப்பு எரியுது, டிரைவரு கண்ணு சிவப்புல இல்ல, ஆளு மேலதான் இருக்கு, ஆளு கிட்ட கை இல்ல, யோசிக்கிறான்னு நெனச்சுக்கிட்டு வர்றாரு, நின்னு வழிவிடுவான்னு நெனச்சுக்கிட்டு வர்றாரு. பத்து. நிக்காது. நிக்காதுன்னு எழுதணும். மங்கைக்குள்ள ஏதோ ஒண்ணு பேனாவப் புடிச்சுக்கிட்டுச் சும்மா பாத்துக்கிட்டே நின்னுச்சு, நிக்காதுன்னா என் இருபத்து மூணு, நிக்காதுன்னா நான் சொன்னது சரி, மீன் தல, பாப்பா, அறுபது, நிக்காது, நிக்கக் கூடாது, ஒரு செகண்டு, ஒரே ஒரு செகண்டு அது நெசமாவே அப்பிடி நெனச்சுச்சு, அத அவ வாழ்நாளைக்கும் யாரு கிட்டயும் சொல்ல மாட்டா. அப்புறம் பேனா எங்கேயோ பறந்துச்சு. பிளாட்பாரத்துலேருந்து ரெண்டு கையும் ஆகாசத்துக்குத் தூக்குச்சு, தொண்ட கிழிஞ்சு "நில்லுய்யா!"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு, அது அவ சத்தம்னு அவளுக்கே அடையாளம் தெரியல.

பஸ்ஸு நின்னுச்சு. உள்ள நின்னவங்கெல்லாம் ஒரு எட்டு முன்னாடி வந்துட்டுப் போனாங்க. டிரைவரு ஜன்னல்ல தலைய நீட்டி, "எறங்குறவ இங்க எறங்குறா, கை காட்டுறவ அங்க நின்னு காட்டுறா, எந்தக் கையப்பா பாக்குறது நான்!"ன்னு கத்துனாரு. ஆக்னஸ் அந்தப் பக்கம் போய்ச் சேந்து, ஜெராக்ஸ் கடை வாசல்ல நின்னு நெஞ்சப் புடிச்சுக்கிட்டா, அப்புறம் அங்கேருந்து கத்துனா, "கெடுத்துட்டியேடி! கையில்லாமன்னு சொன்னேன்ல! இத எந்தக் கட்டத்துல எழுதுவ?" அக்காவும் வெளிய வந்து நின்னு பாத்தாங்க. போன் அடிச்சுச்சு, பொன்னுரங்கம் சார். "ஆதாரம் ஆதாரம்னியே, எங்கம்மா?" பத்தொம்பது செகண்டு வீடியோ போனுக்குள்ளதான் இருந்துச்சு. "ரெண்டு கணக்கும் சரி சார்"ன்னா. "அவ தாள்ல ஓரத்துல பாருங்க, பூ மாதிரி இருக்கும், அது கை சார். டிரைவருங்க லைட்டப் படிக்கல, கையப் படிக்கிறாங்க. லைட்டுல கைய வரைஞ்சிருந்தா ஒருவேள நின்னிருப்பாங்க." அந்தப் பக்கம் காகிதம் பொரட்டுற சத்தம். "அட." ஓரத்த எண்ணிப் பாத்துட்டு, "அட, ஆமா. சரி, அப்ப யாரு போறது?" மங்கை கம்பத்து உச்சியப் பாத்தா. எதுத்தாப்புல சிவப்பு மனுசன் கைய ரெண்டு பக்கமும் தொங்கப்போட்டுக்கிட்டு நின்னான், அவனுக்குக் கை இருந்தும் புண்ணியமில்ல. பதினஞ்சு செகண்டு இருக்கும். "ஆக்னஸ்"னா. அந்தப் பேரு தொண்டையில இருந்த முள்ள ஒரசிக்கிட்டு வந்துச்சு, முள்ளு வரல, பேரு மட்டும் வந்துச்சு. "ஆனா கேள்வி கேட்டா அவ அழுவா சார். நானும் வரணும், சண்ட போட." "ஒரு பேருக்குத்தான்மா எடம்." "நிக்கத்தான சார் கேட்டேன், ஒக்காரவா கேட்டேன்?"ன்னா, போன வச்சுட்டா. கீழ கெடந்த பேனாவத் தேடி எடுத்து, அம்பதாவது கட்டத்துல நின்னுச்சுன்னு எழுதுனா, ஓரத்துல கைய வரைஞ்சா, அவசரத்துல அது ஆறு வெரலா வந்துச்சு, அடிச்சுத் திருத்தலாம்னு பாத்துட்டு விட்டுட்டா. "என்னடி எழுதுன?"ன்னு ஆக்னஸ் அங்கேருந்து கூப்புட்டா. "ஒன் தலையெழுத்த!"ன்னு இவ கத்துனா. வயிறு இன்னும் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு, வெள்ளிக்கிழம அந்த மைக்கு முன்னாடி அவ நிக்கும்போது இன்னும் நல்லா எரியும், ஞாயித்துக்கெழம மீன் வாங்குனா அதுக்கு மேல எரியும். மங்கை பட்டன அமுக்குனா, பச்சை வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நின்னா, வந்ததும் கைய நீட்டிக்கிட்டு எறங்குனா.